ஃப்ரிட்ஜ் 'சுற்றுப்புறச் சூடு அதிகம்' என்று எச்சரித்தால்: போர்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

போன சித்திரையில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் தெர்மாமீட்டர் படம் ஒன்று விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது, கூடவே கீக் கீக் என்று சத்தம். உள்ளே கை விட்டுப் பார்த்தால் தண்ணீர் பாட்டில் ஜில்லென்றுதான் இருந்தது. கூட வந்த கையேட்டைப் பரணிலிருந்து தேடி எடுத்தேன், 'சுற்றுப்புற வெப்பநிலை அதிகம், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்' என்று ஒரே வரிதான் போட்டிருந்தார்கள். வேலூரில் கத்திரி வெயிலில் காற்றோட்டமான இடத்துக்கு எங்கே போவது? சர்வீஸுக்கு போன் போட்டேன். வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, போர்டு (ஃப்ரிட்ஜை இயக்கும் மின்சுற்று அட்டை) போயிருக்கும், மாற்றிவிடலாம் என்று ஒரு தொகை சொன்னார், அதைக் கேட்டதும் எனக்குத்தான் சூடு ஏறியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு நானே ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். போர்டில் ஒன்றும் இல்லை. அப்போது செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன், சில இடங்களில் நான் செய்த தப்பையும் சேர்த்து.

முதலில் ஃப்ரிட்ஜ் எதைச் சொல்கிறது என்று பாருங்கள்

மூன்று வேறு வேறு எச்சரிக்கைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, உள்ளே சூடு ஏறிவிட்டது என்பது. கதவு திறந்தே கிடந்தாலோ, கரண்ட் போய் வந்தாலோ வரும். இரண்டாவது, வெளியே சூடு அதிகம் என்பது. மூன்றாவது, வெளிச்சூட்டை அளக்கும் சென்சாரே பழுது என்பது. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு வேறு வேறு படமும் எண்ணும் வைத்திருப்பதால், உங்கள் மாடலின் கையேட்டில் அந்தக் குறி எதற்கு என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கையேடு காணாமல் போயிருந்தால் ஃப்ரிட்ஜுக்குள் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதை வைத்து இணையத்தில் எடுத்துவிடலாம்.

உள்ளே சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்திருந்தால் மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் சாப்பாட்டைக் கவனியுங்கள். பால், கறி, மீன், சமைத்த குழம்பு எல்லாம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உடனே பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அவசரத்தில் ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

வெளிச்சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கு. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. உள்ளே 4 டிகிரி, சமையலறை 30 டிகிரி என்றால் வித்தியாசம் 26. அதே சமையலறை 42 டிகிரி ஆனால் வித்தியாசம் 38, அதாவது சுவர் வழியாக உள்ளே கசிகிற சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அள்ள வேண்டியது கூடிக்கொண்டே போக, கொட்டுகிற இடமும் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. கம்ப்ரஸர் ஓடுவதால் செலவாகும் கரண்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். இந்தச் சூடு போக வழியில்லாமல் ஃப்ரிட்ஜைச் சுற்றியே தங்கிவிட்டால், தான் விட்ட சூட்டிலேயே அது வேக வேண்டியதுதான்.

படி 1: அளந்து பாருங்கள்

கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஒன்றைச் சமையலறையின் நடுவில், அடுப்பிலிருந்து தள்ளி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். இன்னொன்றை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலோ பக்கவாட்டு இடுக்கிலோ, உலோகத்தைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல்முறை நான் அதைப் பக்கச் சுவரிலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டு, 50-ஐத் தாண்டுகிறதே என்று பயந்தேன். அது தகட்டின் சூடு, காற்றின் சூடு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு நாளைக்கு எழுதி வையுங்கள்.

எங்கள் வீட்டில் மத்தியானம் அறையின் நடுவே 36, ஃப்ரிட்ஜின் பின்னால் 47. விடியற்காலை 30-ம் 38-ம். அந்த நான்கு எண்ணைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. இரண்டு தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, அதுவே 40-ஐத் தாண்டினால் பிரச்சினை அறையில். அறை சுமாராக இருந்து பின்னால் மட்டும் எட்டு பத்து டிகிரி ஏறியிருந்தால் சூடு வெளியேற வழியில்லை. விடியற்காலையில் இரண்டுமே 28-க்குப் பக்கத்தில் இருக்கும்போதும் எச்சரிக்கை அணையாமல் மின்னினால், அப்போதுதான் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும்.

படி 2: உங்கள் ஃப்ரிட்ஜ் எவ்வளவு சூட்டுக்குச் செய்தது?

மாடல் எண் இருக்கும் அந்த ஸ்டிக்கரிலேயே 'கிளைமேட் கிளாஸ்' என்று ஒரு வரி இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 'எஸ்என்' என்றால் 10 முதல் 32 டிகிரி வரை, 'என்' என்றால் 16 முதல் 32, 'எஸ்டி' என்றால் 16 முதல் 38, 'டி' என்றால் 16 முதல் 43 டிகிரி வரை உள்ள அறையில் ஒழுங்காக வேலை செய்யும் என்று அர்த்தம். 'என் முதல் டி வரை' என்பதுபோல் சேர்த்தும் போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு 'டி' இருந்தால்தான் நிம்மதி. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் சாமானோடு கொண்டுவந்த ஃப்ரிட்ஜிலும், பழைய இறக்குமதி மாடல்களிலும் 'என்' இருக்க வாய்ப்புண்டு, அதை 40 டிகிரி சமையலறையில் வைத்துவிட்டு மெக்கானிக்கைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. எங்களுடையது 'டி'. ஆனால் பின்னால் 47 என்றால் 'டி' ஆனாலும் அதன் எல்லையைத் தாண்டித்தானே நிற்கிறது.

படி 3: இடைவெளி

தொந்தரவு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜுகளில் பின்னால் கறுப்புக் கம்பி வலை ஒன்று இருக்கும், அதுதான் கண்டென்சர், சூடு அதன் வழியாக வெளியேறும். புதிய மாடல்கள் பலவற்றில் அந்த வலை வெளியே தெரியாது, அதே குழாயைப் பக்கச் சுவர்களின் தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டிருப்பார்கள். அதனால்தான் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. கோடையில் அது நன்றாகவே சுடும், பயப்பட வேண்டாம். கதவு ஓரத்தில் சூடாக இருப்பதும் அப்படித்தான், ஈரம் பூக்காமல் இருக்க ஒரு குழாயை அங்கே ஓட்டியிருப்பார்கள். விஷயம் என்னவென்றால், பின்னால் வலை இல்லையே என்று நினைத்து ஃப்ரிட்ஜை இரண்டு பக்கமும் அலமாரிக்கு நடுவே செருகிவிடுகிறோம், சூடு வெளியேற வேண்டிய பக்கத்தையே அடைத்துவிடுகிறோம்.

நாங்களும் அதைத்தான் செய்திருந்தோம். முந்தைய ஐப்பசியில் மாடுலர் கிச்சன் போட்டபோது கார்பெண்டர் ஃப்ரிட்ஜின் அளவை எடுத்து, அதே அளவுக்குக் கச்சிதமாக ஒரு கூடு செய்துவிட்டார். பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளி, மேலே பலகை, பின்னால் சுவர். பார்க்க அழகாகத்தான் இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். மழைக்காலத்திலும் மார்கழியிலும் ஒன்றும் தெரியவில்லை.

கையேட்டில் உங்கள் மாடலுக்கு எவ்வளவு இடைவெளி என்று போட்டிருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர், பின்னால் 10, மேலே 10-லிருந்து 15 என்று வைத்துக்கொள்ளலாம். மேலே விடுகிற இடம் மிக முக்கியம், சூடான காற்று மேலே போகும், அங்கே பலகை இருந்தால் திரும்பிக் கீழேதான் வரும். கூடு செய்தே ஆக வேண்டும் என்றால் அடியில் காற்று நுழையவும் மேலே வெளியேறவும் ஜாலி (துளை வைத்த தட்டு) போடச் சொல்லுங்கள், இரண்டில் ஒன்று மட்டும் போட்டுப் புண்ணியமில்லை.

அப்புறம் அந்தத் துணி உறை. ஃப்ரிட்ஜின் தலையில் பூப்போட்ட கவர், இரண்டு பக்கமும் பை வைத்துத் தொங்கும், பையில் கேஸ் புக், கரண்ட் அட்டை, பழைய சாவி. பக்கச் சுவரில் கண்டென்சர் இருக்கிற ஃப்ரிட்ஜுக்கு இது போர்வை போர்த்திய மாதிரி. எடுத்துவிடுங்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பக்கம் தொங்காத சின்ன விரிப்பாக மாற்றலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாதானம் ஆனது.

தலைமேல் வேறென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பல மாடல்களில் வெளிச்சூட்டை அளக்கும் சென்சார் மேல் கீல் மூடிக்குள்ளோ கதவின் டிஸ்ப்ளேக்குப் பக்கத்திலோ இருக்கும். அதை ஒட்டி ஸ்டெபிலைசரையோ வைஃபை ரவுட்டரையோ வைத்தால், அந்தச் சூட்டை அறையின் சூடு என்று அது எடுத்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அவனை மேலே வைப்பது அதைவிட மோசம். மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் நேரே விழுகிறதா, பக்கத்திலேயே கேஸ் அடுப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 4: தூசி

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இந்த வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது. ஃப்ரிட்ஜை நேராக முன்னால் இழுங்கள், சாய்க்க வேண்டாம். பின்னால் வலை இருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள், வேக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத் துணி வேண்டாம், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பெரிய டபுள் டோர், சைட் பை சைட் மாடல்கள் சிலவற்றில் கீழே கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அதன் மூடியின் துளைகள் ஒட்டடையால் அடைபட்டிருக்கும், எலி கடித்த ஒயரும் பல்லியும் கிடப்பதுண்டு. மூடியின் மேலுள்ள தூசியை நீங்களே எடுக்கலாம். மூடியைக் கழற்றி ஃபேனைத் தொடுவது, ஒயர் வேலை பழகியவர்களுக்கு மட்டும். மறுபடி பிளக் போட்ட பிறகு கம்ப்ரஸர் ஓடும்போது அந்தத் துளைகளில் சூடான காற்று வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் உறுமுகிறது, காற்றே இல்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

படி 5: உள்ளே சுமையைக் குறையுங்கள்

சூடான சாம்பாரை மூடி போட்டு அப்படியே உள்ளே வைப்பது, வெளியிலிருந்து வந்ததும் பத்து பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஒரே நேரத்தில் அடுக்குவது, இதெல்லாம் மார்கழியில் ஒன்றும் செய்யாது, கத்திரியில் செய்யும். பாட்டில்களை இரவில் வையுங்கள். சூடான சாப்பாட்டை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு உள்ளே வையுங்கள், ஆறவைக்கிறேன் என்று வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

இன்னொன்று, எல்லோரும் செய்கிற தப்பு: எச்சரிக்கை வந்ததும் குளிரை முழுசாகக் கூட்டிவிடுவது. நானும் செய்தேன். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், இன்னும் சூட்டை வெளியே தள்ளும், அந்த இடுக்கு இன்னும் கொதிக்கும். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 போதும். எண்ணுக்குப் பதில் 1 முதல் 5 வரை திருகி வைக்கிற மாடல் என்றால் நடுவில் வையுங்கள். வேகமாக உறைய வைக்கும் பட்டன் அழுத்தியிருந்தால் அணைத்துவிடுங்கள். டீஃப்ராஸ்ட் பட்டன் உள்ள பழைய மாடலில் ஐஸ் விரல் மொத்தத்துக்குப் படிந்திருந்தால் உருக்கிவிடுங்கள், கத்தியால் மட்டும் நெம்ப வேண்டாம். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜுகளில் குளிர்விக்கக் குழாயில் ஓடுவது பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கேஸ்தான், அது எரியக்கூடியது. குழாய் ஓட்டையானால் கேஸும் போகும், ஆபத்தும் கூட.

படி 6: கதவு ரப்பர்

ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் பாதி வெளியே தெரியும்படி வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது, சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கத்து மூலைகளில் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதிப் பிசுக்கு போய் ஒட்ட ஆரம்பித்துவிடும். வளைந்துபோயிருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுபடுத்தி இழுத்து நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், இதற்குப் பெரிய செலவில்லை.

படி 7: சென்சாரா, போர்டா?

இதுவரை சொன்னதை எல்லாம் செய்து, விடியற்காலையில் தெர்மாமீட்டர் 28 காட்டியும் எச்சரிக்கை போகவில்லை என்று வையுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கி ஒரு பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள், உடனே போடாதீர்கள், ஓடி நின்ற கம்ப்ரஸருக்கு அந்த இடைவெளி வேண்டும். அதற்கும் அணையவில்லை என்றால் மேல் கீல் பக்கம் டேபிள் ஃபேனை ஒரு மணி நேரம் திருப்பிவிட்டுப் பாருங்கள். அணைந்துவிட்டால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, அந்த மூலையில்தான் சூடு தங்குகிறது.

அப்படியும் அணையவில்லை என்றால் ஆளைக் கூப்பிடலாம், ஆனால் வருகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "போர்டை மாற்றுவதற்கு முன்னாடி சென்சார் ஓம்ஸ் பார்த்தீங்களா அண்ணா?" இந்தச் சென்சார் ஒரு சின்ன தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை, இதைத்தான் ஓம்ஸில் அளப்பார்கள்) குறையும். மீட்டரை வைத்து அளந்து, கம்பெனி அட்டவணையோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கையால் பிடித்துச் சூடாக்கினால் எண் இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றாலோ, பூஜ்ஜியம் காட்டினாலோ, மீட்டரில் ஒன்றுமே வராவிட்டாலோ சென்சார் போய்விட்டது. கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் தப்பாகக் காட்டும். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் போர்டு. போர்டின் விலையோடு பார்த்தால் சென்சார் சில்லறைக் காசு.

கரண்ட் விஷயமும் ஒன்று உண்டு. கோடையில் ஏசி போடுகிற நேரத்தில் தெருவில் வோல்டேஜ் இறங்கும். ஃப்ரிட்ஜ் சில நிமிடத்துக்கு ஒரு முறை டிக் என்று சத்தம் போட்டு, கம்ப்ரஸர் உறுமி, மறுபடி டிக் என்று நின்றுவிட்டால், சூட்டினாலோ குறைந்த வோல்டேஜினாலோ, கம்ப்ரஸரைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்ச் கரண்டை வெட்டுகிறது. அப்படியே விடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் (வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது) மாடல்கள் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தாங்கும், பழைய மாடலுக்கு நல்ல ஸ்டெபிலைசர் வேண்டும்.

கம்ப்ரஸர் மணிக்கணக்காக ஓடுகிறது, ஆனால் பக்கச் சுவரோ பின்வலையோ சூடே ஆகவில்லை, உள்ளேயும் குளிர் இல்லை என்றால் கேஸ் போயிருக்கலாம் அல்லது கம்ப்ரஸர் இழுக்கவில்லை. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, நேரம் கடத்தாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

அறையே கொதித்தால்?

தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட சமையலறை என்றால் இடைவெளி எவ்வளவு விட்டாலும் மத்தியானம் 43-ஐத் தாண்டக்கூடும். வழி ஒன்றுதான், இந்த இரண்டு மாதம் ஃப்ரிட்ஜைக் கூடத்துக்கு, வெயில் படாத உள்சுவர் ஓரம் கொண்டுபோய்விடுங்கள். அசிங்கமாக இருக்கும்தான். முடியாதவர்கள் சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு எதிர் ஜன்னலைத் திறந்து வைக்கலாம், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை ஒரு டேபிள் ஃபேனை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு இடுக்கைப் பார்த்து ஓடவிடலாம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஈரச் சாக்கு போர்த்துவது, பின்னால் தண்ணீர் தெளிப்பது போன்ற யோசனைகளை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அங்கே கரண்ட் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் கார்பெண்டரையே திரும்பக் கூப்பிட்டு மேல் பலகையைக் கழற்றச் சொன்னேன். அவருக்கு மனசே வரவில்லை. ஒரு பக்கப் பலகையை அறுத்து ஃப்ரிட்ஜிலிருந்து தள்ளி வைத்து, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து நிறுத்தினோம். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அறையில் அதே 36, பின்னால் 39. எச்சரிக்கை அன்று காலையிலேயே அணைந்துவிட்டது. கழற்றிய பலகையை அம்மா ஊறுகாய் ஜாடி வைக்க எடுத்துக்கொண்டார்.